கீலெஸ் காரைத் திருடர்களிடமிருந்து காப்பது எப்படி?

லண்டனில் எங்கள் தெருவில், சென்ற குளிர்காலத்தில் எதிர்வீட்டு அண்ணாவின் கார் இரவோடிரவாகப் போய்விட்டது. கண்ணாடி உடையவில்லை, அலாரம் ஒலிக்கவில்லை. இரண்டு சாவிகளும் வீட்டுக்குள்ளேயே கிடந்தன. அன்றே என் காருக்கு வழி தேடத் தொடங்கினேன்.

சாவியைப் பையிலிருந்து எடுக்காமலேயே திறக்கக்கூடியது கீலெஸ் கார். கைப்பிடியைத் தொட்டதும் கார் சாவியை மெல்லிய ரேடியோ அலையில் அழைக்கும். ஓரிரு மீட்டருக்குள் சாவி இருந்தால் பதில் கொடுக்கும். திருடர்களில் ஒருவன் காருக்கு அருகிலும் மற்றவன் உங்கள் வாசலிலும் கருவியோடு நின்று, அந்த அழைப்பை வீட்டுக்குள் கடத்திவிடுகிறார்கள். சாவி பக்கத்தில் இருப்பதாக நம்பி கார் திறந்துகொள்கிறது. ரகசியக் குறியீட்டை உடைக்க வேண்டிய தேவையே இல்லை. சூரிச் ஆய்வாளர்கள் 2011இலேயே பத்து கார்களில் இதைச் செய்துகாட்டிவிட்டார்கள்.

1. உறை. அலையைத் தடுக்கும் ஃபாரடே உறை இரண்டு வாங்குங்கள். மேசை இழுப்பறையில் தூங்கும் மாற்றுச் சாவியும் இரவெல்லாம் பதில் சொல்லக் காத்திருக்கிறது.

2. சோதனை. நான் தடுமாறிய இடம் இது. சாவியை உறையில் போட்டுக் கைப்பிடியைத் தொட்டேன்; கதவு திறந்துகொண்டது. உறை போலி என்று திருப்பி அனுப்பினேன். அடுத்ததும் அப்படியே. பிறகுதான் புரிந்தது: என் உறையில் இரண்டு அறைகள், உள்ளறைக்கு மட்டுமே உலோகத் துணி. நான் சாவியை வெளியறையில் போட்டிருக்கிறேன். ஆகவே உள்ளறையில் வையுங்கள், மடிப்பை முழுதாக மூடுங்கள், மாற்றுச் சாவியை வீட்டிலேயே விட்டுவிட்டு, உறையைக் கைப்பிடியோடு ஒட்டிப் பிடித்துத் தொட்டுப் பாருங்கள். திறக்கக் கூடாது. மடிப்பில் துணி நைந்துபோகும் என்பதால் மாதம் ஒருமுறை இதைச் செய்யுங்கள்.

3. சாவியையே உறங்கவைத்தல். பல டொயோட்டா சாவிகளில் பூட்டும் பொத்தானை அழுத்தியபடி திறக்கும் பொத்தானை இருமுறை அழுத்தினால், விளக்கு நான்கு முறை மின்னிச் சாவி உறங்கிவிடும். காலையில் ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தினால் விழித்துக்கொள்ளும். மற்ற கார்களுக்குக் கையேட்டைப் பாருங்கள். உறையைவிட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. நைந்துபோக எதுவும் இல்லை.

4. ஸ்டீயரிங் பூட்டு. குறுக்குக் கம்பி வேண்டாம். ஸ்டீயரிங் வளையத்தை அறுத்தால் கம்பி கழன்றுவிடும். ஸ்டீயரிங் முழுவதையும் மூடும் வட்டப் பூட்டையே வாங்குங்கள்.

பின்சேர்க்கை: நான்காவது படி எதற்கு என்று பலர் கேட்டிருந்தீர்கள். சாவியைத் தொடாமலேயே திருடும் வழியும் உண்டு. முன்விளக்கின் வயரைப் பிடுங்கி, அதன் வழியாக, காரின் பாகங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் உள் வலையமைப்பில் கருவியைச் செருகி, "சரியான சாவி வந்துவிட்டது" என்று பொய்ச் செய்தி அனுப்புவார்கள். அங்கே உறை உதவாது; காரை ஓட்டிச் செல்வதைத் தடுக்கத்தான் ஸ்டீயரிங் பூட்டு. லண்டனில் வாகனப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவரின் டொயோட்டா ராவ்4 கார் 2022இல் இப்படித்தான் போனது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே பம்பரை இழுத்து, விளக்கின் பிளக்கைப் பிடுங்கியிருந்தார்கள். அவரோ யாரோ விஷமம் செய்ததாக நினைத்திருந்தார். உங்கள் காரின் முன்விளக்குப் பக்கம் பம்பர் விலகியிருந்தால் அன்றிரவே காரை வேறிடத்தில் நிறுத்துங்கள்.