டைனோ நாளில் கிளப்புகள் சறுக்கும் இடங்கள்

டைனோ என்பது வண்டியை ரோலர் மேல் ஏற்றி ஓடவிட்டு, சக்கரத்தில் கிடைக்கும் சக்தியை அளக்கும் மெஷின். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், கார் கிளப்புகள் அதில் மோதும் டைனோ நாள் என்றால் காலை ஏழு மணிக்கே ஒர்க்‌ஷாப் வாசலில் இடம் பிடித்துவிடுவார்கள். ஒருபுறம் சாட்ஸ்வர்த் பகுதிப் பையன்களின் ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃப் வரிசை, எதிரே ஃபீனிக்ஸ் பகுதிக்காரர்களின் பழைய பிஎம்டபிள்யூக்கள். சில வருஷம் ஜோஹானஸ்பர்க் லெனேசியாவிலிருந்தும் ஒரு கூட்டம் இரவெல்லாம் ஓட்டிக்கொண்டு இறங்கும். தோற்ற கிளப் மதியப் பிரியாணிக்குப் பொறுப்பு. இந்தப் போட்டி எனக்கு உயிர். அதனால்தான் வருஷா வருஷம் அதே நாலைந்து தவறுகளால் அது சண்டையாகவோ, உடைந்த இன்ஜினாகவோ முடிவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

முதலில் வருவது பேப்பர் சண்டை. லெனேசியாக்காரர் ஒருவர் டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சாதனம்) இல்லாத இரண்டு லிட்டர் வண்டியோடு வந்தார். கையில் அவர் ஊர் டைனோவில் எடுத்த தாள், 112 கிலோவாட். எங்கள் ரோலரில் 101தான் காட்டியது. “உங்க மெஷின் சரியில்ல, தம்பி” என்றார். மெஷினில் பழுது எதுவும் இல்லை.

ஜோஹானஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் சுமார் 83 கிலோபாஸ்கல். டர்பன் கடற்கரையில் சுமார் 101. டர்போ இல்லாத இன்ஜின் அந்த மெல்லிய காற்றைத்தான் இழுக்கிறது, ஆகவே சக்தியில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு அங்கே போய்விடும். டைனோவின் கம்ப்யூட்டர் அந்தக் குறையை ஒரு கணக்கால் பெருக்கி ஈடுகட்டுகிறது. இதற்குத் திருத்தம் என்று பெயர். திருத்தத்திலும் பல வகை உண்டு. எஸ்ஏஇ ஜே1349 முறை 25 டிகிரி வெப்பத்தையும் 99 கிலோபாஸ்கல் அழுத்தத்தையும் அளவுகோலாக வைக்கிறது. பழைய எஸ்டிடி முறைக்கு அளவுகோல் இன்னும் குளிர்ந்த, அடர்ந்த காற்று. அதில் அதே ஓட்டம் 4 சதவீதம் போலக் கூடுதலாகவே தெரியும். அவர் தாளின் மூலையில் சின்ன எழுத்தில் எஸ்டிடி என்றுதான் இருந்தது. அது போக, ரோலருக்கு ரோலர் வித்தியாசம் வேறு.

டர்போ வண்டியில் இந்தக் குழப்பம் இன்னும் மோசம். மேட்டில் காற்று மெலிந்தாலும் டர்போ கூடுதல் வேகத்தில் சுழன்று அதில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். அதன் மேலும் முழுத் திருத்தத்தைப் போட்டுப் பெருக்கினால், வண்டியில் இல்லாத கிலோவாட் தாளில் முளைக்கும். வேறு ஊரில் எடுத்த தாளை வைத்து யாரும் யாரையும் ஜெயிக்க முடியாது. அன்றைக்கு, அந்த ரோலரில், ஒரே திருத்தத்தில் எடுத்ததுதான் கணக்கு. திருத்தாத எண்ணையும் அச்சடித்துத் தரச் சொல்லுங்கள், தயங்காமல் தருவார்கள்.

இன்னொரு ஏமாற்றம், கம்பெனி சொன்ன எண்ணைச் சக்கரத்தில் தேடுவது. கோல்ஃப் விஆர்6க்கு 128 கிலோவாட் என்றால் அது இன்ஜினிலேயே அளந்தது. ரோலரைத் தொடுவதற்குள் கியர்பாக்ஸ், டிஃப் (சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் கியர்), டயர் எல்லாம் தங்கள் பங்கைத் தின்றுவிடும். அதற்காக “20 சதவீதம் சேர்த்துக்கோ” என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அந்த இருபதை யாரும் அளக்கவில்லை. வீடியோவில் பார்த்த ஹார்ஸ்பவரோடு நம் கிலோவாட்டை ஒப்பிடுபவர்களும் உண்டு. 100 கிலோவாட் என்பது 134 ஹார்ஸ்பவர்.

மேட்டிலிருந்து இறங்குபவர்கள் பெட்ரோலை மறந்துவிடுகிறார்கள். அங்கே பலரும் போடுவது 93 ஆக்டேன். அந்த உயரத்துக்கு அது போதும். கடற்கரையில் சிலிண்டருக்குள் நிறையக் காற்று புகும், அழுத்தம் ஏறும், 93 தாங்காமல் உள்ளே தானாக வெடித்து இன்ஜின் தட்ட ஆரம்பிக்கும். பழைய பெட்ரோலை வழியிலேயே தீர்த்துவிட்டு, இறங்கியதும் 95 போட்டுக்கொள்ளுங்கள். டேங்கில் கால்வாசிக்கும் குறைவாக வைத்துக்கொண்டும் ரோலர் ஏறாதீர்கள்.

டயர் காற்று, ஓடும் கியர் (ஒன்றுக்கு ஒன்று விகிதத்துக்குக் கிட்ட இருப்பது, பெரும்பாலும் நாலாவது), வண்டியைக் கட்டும் பெல்ட்டின் இறுக்கம், எல்லாம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் டயர் ரோலரில் அமுங்கிச் சக்தியைத் தின்னும்.

சூடுதான் கண்ணுக்குத் தெரியாத எதிரி. ஜனவரி வெயிலில் வரிசையில் இன்ஜினை ஓடவிட்டு நின்ற வண்டியின் இன்டர்கூலர் (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விப்பது) குழாயைத் தொட்டுப் பாருங்கள், கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வீர்கள். அந்தச் சூட்டில் அளந்தால் சொந்த வண்டிக்கே அநியாயம். ஆளுக்கு மூன்று ஓட்டம், நடுவில் எல்லோருக்கும் ஒரே அளவு நேரம் ஃபேன், மூன்றில் சிறந்ததா சராசரியா என்பதை முதல் வண்டி ஏறும் முன்பே பேசி முடியுங்கள்.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு மனசில் கிடப்பது. சில வருஷத்துக்கு முன் எங்கள் கிளப் தம்பி ஒருவன் எதிர் கிளப்பைவிட 3 கிலோவாட் குறைவாக வாங்கினான். எல்லோரும் கேலி செய்தோம், நானும்தான். அவன் சிரித்துக்கொண்டே போனான். யாரும் பார்க்காதபோது போனட்டைத் திறந்து, டர்போவின் காற்றழுத்தத்தைக் கூட்டும் பூஸ்ட் ஸ்க்ரூவை முக்கால் சுற்று திருகிவிட்டு மறுபடி வரிசைக்கு வந்தான். காற்று கூடியது, அதற்கு ஏற்ற பெட்ரோலைக் கொடுக்க இன்ஜெக்டருக்குத் தெம்பு இல்லை. முழு பூஸ்டில் காற்று-பெட்ரோல் விகிதம் 12க்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய வண்டி. திரையில் அது 13ஐத் தாண்டியதும் ஆபரேட்டர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். அதற்குள் தட்டிய சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. எக்ஸாஸ்டில் வெள்ளைப் புகை. இரண்டாவது பிஸ்டனின் ஓரம் உருகிப்போயிருந்தது. இரண்டு வருஷச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கட்டிய இன்ஜின். அப்பாவின் பக்கியில் (பிக்கப் வண்டியில்) கட்டி இழுத்துப்போனார்கள்.

அன்றிலிருந்து எங்கள் இரு கிளப்புக்கும் ஒரு விதி: முதல் ஓட்டத்துக்குப் பிறகு போனட்டுக்குள் யாரும் கைவைக்கக் கூடாது. ஆபரேட்டர் காலை எடுத்தால் எடுத்ததுதான், “இன்னும் ஒரே ஒரு தடவை அண்ணே” என்ற கெஞ்சலுக்கு இடமில்லை. வீடியோவுக்காக ரோலருக்கு நேர் முன்னாலும் பின்னாலும் நிற்காதீர்கள். டயர் பள்ளத்தில் சிக்கிய கல் எந்த வேகத்தில் தெறிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். ஷட்டர் முழுசாகத் திறந்திருக்கட்டும், எக்ஸாஸ்ட் புகை உள்ளே தங்கக் கூடாது.

பெரிய எண் வாங்கியவனுக்கே வெற்றி என்ற கணக்கையும் நாங்கள் விட்டுவிட்டோம். அப்படி வைத்தால் பணக்கார டர்போதான் ஜெயிக்கும், சின்ன 1.6 வைத்திருக்கும் பையன் வேடிக்கை பார்த்துவிட்டுப் போவான். டர்போ உள்ளது, இல்லாதது என்று பிரித்து, அதே ரோலரில் போன முறை எடுத்த தாளைவிட எத்தனை சதவீதம் கூடியது என்று பார்க்கிறோம். ஏறும் முன் ஒவ்வொருவரும் தன் எண்ணைத் தாளில் எழுதி மடித்துக் கொடுக்க வேண்டும். மிக நெருங்கிச் சொன்னவர் கிளப்புக்குக் கூடுதல் ஒரு புள்ளி. போன முறை அந்தப் புள்ளியை வாங்கியது 62 என்று எழுதி 61.8 எடுத்த ஒரு கார்புரேட்டர் சிட்டி கோல்ஃப். ஓட்டியவருக்கு எழுபது வயது. ஃபீனிக்ஸ்காரர்கள் அன்றைக்கு இரண்டு அண்டா பிரியாணி கொண்டுவந்தார்கள்.