சிக்னலில் செறிவு ஓட்டம் அளப்பது எப்படி? (எட்டை ஒன்பதாக்கிய கதையோடு)

போக்குவரத்துப் பொறியியல் முதுநிலையில் சேர்ந்தால் முதல் பருவத்திலேயே இந்த வேலை உங்கள் தலையில் விழ நிறைய வாய்ப்பு உண்டு: ஒரு சிக்னலுக்குப் போய், ஒரு லேனின் செறிவு ஓட்டத்தை அளந்து வா. விளக்கு பச்சையாகவே இருந்து வரிசையும் தீராமல் நின்றால், அந்த லேன் மணிக்கு எத்தனை வண்டிகளை விடும் என்பதுதான் கேள்வி. பாடப்புத்தகத்தில் அரைப் பக்கம். எனக்கு மூன்று வாரம் ஆனது. அதில் இரண்டு வாரம் ஒரே ஒரு வகுத்தலில் போனது.

1. வீடியோ எடுங்கள்

ஸ்டாப்வாட்சை நம்பாதீர்கள். போனை ஸ்டாண்டில் பொருத்தி, கொஞ்சம் உயரமான இடத்தில் வையுங்கள். நிறுத்தக் கோடு, சிக்னல் விளக்கு, வரிசையின் கடைசி வண்டி மூன்றும் தெரிய வேண்டும். முதல் நாள் நான் எடுத்ததில் விளக்கு விழவில்லை. ஹெட்வேக்கு (அடுத்தடுத்த இரண்டு வண்டிகள் கோட்டைத் தொடுவதற்கு இடையிலான நேரம்) அது பரவாயில்லை, தொடக்க இழப்பு நேரத்துக்கு (முதல் வண்டிகள் மெதுவாகக் கிளம்புவதால் வீணாகும் நேரம்) ஆகாது. மறுபடி போனேன்.

எவ்வளவு நேரம் எடுப்பது? பச்சை விழும்போது எட்டு வண்டிக்கு மேல் நிற்கும் சுற்றுகள் குறைந்தது 15 வேண்டும் என்கிறது அமெரிக்காவின் ஹைவே கபாசிட்டி மேனுவல். நெரிசல் நேரத்தில் போனால்தான் இது தேறும்.

2. மென்பொருள்

எல்லோரும் விஎல்சியில்தான் தொடங்குவார்கள். அதில் பிரேம் பிரேமாக முன்னே போகலாம், பின்னே வர முடியாமல் நான் திண்டாடினேன். என் ஓட்டு எம்பிவி (mpv) என்ற பிளேயருக்கு. புள்ளி விசை ஒரு பிரேம் முன்னே, காற்புள்ளி விசை ஒரு பிரேம் பின்னே. நேரத்தை மில்லிசெகண்டில் காட்டும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

3. நேரத்தைக் குறியுங்கள்

முன்சக்கரம் கோட்டைத் தொடும் கணம் என்று ஒன்றை முடிவு செய்துகொண்டு, கடைசி வரை அதையே பிடியுங்கள். பச்சை விழுந்த நொடியில் நின்றிருந்த வண்டிகள் மட்டும்தான் கணக்கில் வரும். பின்னால் ஓடி வந்து சேர்ந்துகொண்டவை வேண்டாம். வரிசையில் பஸ் இருந்த சுற்றைத் தூக்கிப் போடவும் வேண்டாம். அந்த இடத்தில் நிஜமாக நடப்பதைத்தான் அளக்கிறோம்.

4. வகுத்தல்

இங்கேதான் விழுந்தேன். முதல் சில வண்டிகள் மெதுவாகக் கிளம்பும், அதனால் நான்காவது வண்டியிலிருந்து கணக்கு எடுப்பது வழக்கம். என் தாளில் இருந்த ஒரு சுற்று: பச்சை விழுந்து 9.8 வினாடியில் நான்காவது வண்டி, 25.8 வினாடியில் பன்னிரண்டாவது, அதுவே கடைசி. இடையில் 16 வினாடி. நான்கு முதல் பன்னிரண்டு வரை எண்ணினேன், ஒன்பது வண்டி வந்தது. 16-ஐ ஒன்பதால் வகுத்தால் ஹெட்வே 1.78 வினாடி. 3600-ஐ அதால் வகுத்தால் மணிக்குச் சுமார் 2025 வண்டி.

மற்ற சுற்றுகளும் ஏறக்குறைய அப்படியே வந்ததால் சந்தேகமே வரவில்லை. கைடு தாளைப் பார்த்துவிட்டு, "ஓகோ, உங்க லேன்ல கார் எல்லாம் பறக்குதோ?" என்றார். எல்லாம் சாதகமாக இருக்கும் லேனுக்கே பெருநகரங்களில் மேனுவல் தரும் அடிப்படை மதிப்பு 1900தான். நான் அளந்ததோ குறுகலான லேன், பஸ் வேறு.

கையை விரித்துப் பாருங்கள். விரல் ஐந்து, இடைவெளி நான்கு. ஹெட்வே என்பது இடைவெளி. பன்னிரண்டில் நான்கு போனால் எட்டு. 16-ஐ எட்டால் வகுத்தால் 2.0 வினாடி, அதாவது 1800 வண்டி.

இதற்கு ஏன் இவ்வளவு அலட்டல்? சிக்னலின் ஒரு சுற்று எத்தனை வினாடி இருக்க வேண்டும் என்பதற்கு பிரிட்டிஷ் ஆய்வாளர் வெப்ஸ்டர் 1958-இல் தந்த சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். மொத்த இழப்பு நேரத்தை (ஒரு சுற்றில் வீணாகும் நேரம்) ஒன்றரையால் பெருக்கி ஐந்தைக் கூட்டி, ஒன்றிலிருந்து ஓட்ட விகிதங்களின் (ஒவ்வொரு பச்சைக்கும் வரும் ஓட்டத்தைச் செறிவு ஓட்டத்தால் வகுத்தது) கூட்டலைக் கழித்து வருவதால் வகுக்க வேண்டும். இழப்பு 12 வினாடி, கூட்டல் 0.80 என்றால் சுற்று 115 வினாடி. எல்லா லேனிலும் 1800-க்குப் பதில் 2025 என்று வைத்தால் கூட்டல் 0.71 ஆகிவிடும், சுற்று 80 வினாடிக்கு இறங்கிவிடும். காகிதத்தில் அழகு, ரோட்டில் வரிசை தீராது.

எல்லாச் சுற்றுகளின் ஹெட்வேயையும் முதலில் சராசரி எடுத்துவிட்டு, அப்புறம் 3600-ஐ வகுங்கள். சுற்றுக்குச் சுற்று வகுத்துச் சராசரி எடுத்தால் விடை கொஞ்சம் கூடுதலாக வரும்.

5. தொடக்க இழப்பு நேரம்

9.8-இலிருந்து நான்கு ஹெட்வே, அதாவது 8.0 வினாடியைக் கழியுங்கள். 1.8 வினாடி. இரண்டுக்குப் பக்கத்தில் வந்தால் சரி.

பிற்சேர்க்கை: நேரம் பார்க்காமல் பிரேம்களை எண்ணி 30-ஆல் வகுத்த ஒருவர், தனக்கு விடை தப்பாக வந்ததாகக் கருத்தில் எழுதியிருந்தார். பல போன்கள் சீரான வேகத்தில் பிரேம் பதிவதில்லை. பிரேமை எண்ண வேண்டாம், திரையில் காட்டும் நேரத்தை எடுங்கள்.

இன்னொரு பிற்சேர்க்கை: டூவீலர்கள் லேன் பார்க்காமல் முன்னே வந்து நிற்கும் இடங்களில் என்ன செய்வது என்று பலர் கேட்டுவிட்டீர்கள். அங்கே மேலே சொன்ன முறை செல்லாது, யாருக்குப் பின்னால் யார் என்றே சொல்ல முடியாது. பச்சை நேரத்தை 6 வினாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் முழு அகலத்திலும் கோட்டைக் கடந்தவற்றை வகை வாரியாக எண்ணி, பிசியுவாக (எல்லா வண்டிகளையும் கார் கணக்கில் சொல்லும் அலகு) மாற்றுங்கள். முதல் துண்டையும், வரிசை தீர்ந்த பிறகு வருபவற்றையும் விட்டுவிடுங்கள்.