"வேகமா இருக்கணும்" என்பதை எண்ணாக எழுதுவது எப்படி?

போன மார்கழி சீசனுக்காக மயிலாப்பூரில் ஒரு சபாவுக்கு டிக்கெட் முன்பதிவுத் தளம் செய்து கொடுத்தேன். சீட் தேர்வு, பணம் கட்டுவது, எஸ்.எம்.எஸ். எல்லாம் சோதனையில் சரியாக ஓடின. புக்கிங் திறந்த காலை பத்து மணிக்குச் செயலாளர் போன் செய்தார்: "சார், வட்டம் சுத்திண்டே இருக்குங்கறா எல்லாரும்." எங்கள் ஆவணத்தில் இதைப் பற்றி இருந்த ஒரே வரி, "தளம் வேகமாக இயங்க வேண்டும்." அந்த வரியை எப்படி எழுதியிருக்க வேண்டும் என்பதுதான் இந்தப் பதிவு. தளம் என்ன செய்யணும் என்பதை அல்ல, அதை எவ்வளவு நன்றாகச் செய்யணும் என்பதைச் சொல்லும் இத்தகைய தேவைகளைத்தான் என்.எஃப்.ஆர். (நான்-ஃபங்ஷனல் ரிக்வயர்மென்ட்) என்கிறோம்.

படி 1: "எத்தனை யூசர்?" என்று கேட்காதீர்கள், மாதக் கணக்கு வரும். "நெரிசல் அதிகமான பத்து நிமிடத்தில் எத்தனை பேர்?" என்று கேளுங்கள்.

படி 2: "எப்போதும் இயங்கணும்" என்றால் எண் கேளுங்கள். 99.9% என்றால் 30 நாளில் 43 நிமிடம் தளம் நிற்கலாம். 99.99% என்றால் நான்கு நிமிடம்தான், செலவும் ஏறும். சபாவுக்கு முதலாவதே போதும். ஆனால் அந்த 43 நிமிடம் புக்கிங் திறக்கும் காலையில் வரக்கூடாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

படி 3: சராசரியை நம்பாதீர்கள். நான் சறுக்கிய இடம் இது. நூறு கோரிக்கையில் 90 பேருக்கு 0.2 நொடி, 10 பேருக்கு 8 நொடி என்று வையுங்கள். சராசரி 0.98 நொடி. "ஒரு நொடிக்குள்" என்று எழுதியிருந்தால் தேர்ச்சி! அந்தப் பத்துப் பேரோ திரும்பத் திரும்ப ரிஃப்ரெஷ் அடித்து நெரிசலைக் கூட்டுவார்கள். அதனால் பி95 பாருங்கள், அதாவது நூற்றில் 95 பேருக்கு எவ்வளவு நேரத்துக்குள் பதில் போகிறது என்பது. மேலே சொன்ன கணக்கில் அது 8 நொடி. இப்போது நான் எழுதும் வரி: "நிமிடத்துக்கு 600 பேர் வரும்போது, சீட் பக்கத்தின் பி95 2 நொடிக்குள்."

அன்று எங்கள் தளம் திணறியதற்குக் காரணம் டேட்டாபேஸ் கனெக்ஷன். பூலில், அதாவது எல்லாக் கோரிக்கைகளும் பகிர்ந்துகொள்ளும் கனெக்ஷன் தொகுப்பில், இருந்தது 20. பேமென்ட் கேட்வே (பணப் பரிமாற்றத்தைக் கவனிக்கும் வெளிச் சேவை) பதில் சொல்லும்வரை ஒவ்வொரு கோரிக்கையும் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தது, மற்றவை வரிசையில் நின்றன. கேட்வேயை அழைக்கும் முன் கனெக்ஷனை விடுவித்ததும் சரியானது.

படி 4: இந்த எண்களைச் சோதிக்க, போலிக் கூட்டத்தைத் தளத்துக்கு அனுப்பிப் பார்க்கும் கருவி வேண்டும். என் தேர்வு கே6. ஜேமீட்டர் நல்ல கருவிதான், ஆனால் அதன் எக்ஸ்எம்எல் கோப்பில் யார் எதை மாற்றினார்கள் என்று கிட்டில் (கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) படிப்பது கடினம். கே6 சோதனை சாதாரண ஜாவாஸ்கிரிப்ட். பி95 எல்லையை அதன் திரெஷோல்டில் (தேர்ச்சி வரம்பு) எழுதிவிட்டால், தாண்டும்போது பில்டே, அதாவது புதுக் கோடைத் தயார்செய்யும் தானியங்கி வேலையே, நின்றுவிடும்.

பின்சேர்க்கை: "50 விர்ச்சுவல் யூசர் வைத்தேன், சர்வர் திணறினாலும் எண் மோசமாகவில்லையே?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். விர்ச்சுவல் யூசர் என்பது கே6 உருவாக்கும் போலிப் பயனர். இத்தனை பேர் என்று எண்ணிக்கையை மட்டும் வைக்கும் அந்த முறையில் ஒவ்வொரு யூசரும் பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்புவார். சர்வர் மெதுவானால் சுமையும் தானாகக் குறைந்துவிடும். மார்கழிக் கூட்டம் அப்படிக் காத்திருக்காது. பதில் வந்தாலும் வராவிட்டாலும் ஒரே வேகத்தில் கோரிக்கைகளைத் தொடங்கும் 'கான்ஸ்டன்ட் அரைவல் ரேட்' முறைக்கு மாற்றுங்கள். முடிவில் 'டிராப்டு இட்டரேஷன்ஸ்' (கே6 தொடங்க முடியாமல் விட்டுவிட்ட சுற்றுகள்) பூஜ்யமா என்றும் பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் கேட்ட சுமை முழுதாகச் சர்வருக்குப் போய்ச் சேரவில்லை. விர்ச்சுவல் யூசர் உச்சவரம்பை ஏற்றி மறுபடி ஓட்டுங்கள்.