வீட்டு போனில் நம்பர் விழவில்லையா? முதலில் லைனைப் பாருங்கள்

மழைக்காலம் வந்தால் மலையகத்தில் வீட்டு போனுக்கும் தடிமன் பிடித்துவிடும். ரிங் அடிக்கும், ஆனால் யார் கூப்பிடுகிறார்கள் என்று திரையில் நம்பர் விழாது, ஆன்சரிங் மெஷினைப் போட்டுக் கேட்டால் குரலுக்குப் பதில் கரகரப்புதான். புது செட் வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள். கோளாறு வெளி லைனிலா, வீட்டு வயரிலா, செட்டிலா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும், அதற்கு ஐந்து சதம் செலவில்லை.

எல்லா போனையும் ரவுட்டரையும் மெஷினையும் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து லைன் வந்து சேரும் முதல் பெட்டியில் ஒரே ஒரு சாதாரண போனை மட்டும் மாட்டுங்கள். ரிசீவரை எடுத்து ஏதாவது ஒரு இலக்கத்தை அமுக்கினால் டயல் டோன் நின்றுவிடும், அந்த அமைதியில் காதைக் கொடுத்துக் கேளுங்கள். கரகரவென்றால் வெளி லைன் அல்லது அந்தப் பெட்டி; சத்தமே இல்லை என்றால் வீட்டு வயர் அல்லது செட். நுவரெலியா, ஹட்டன் பக்கத்து ஈரத்துக்குப் பெட்டிக்குள் செம்புக் கம்பி பச்சையாகக் களிம்பு பிடித்துவிடும்; கம்பி நுனியை வெட்டி, புதிதாகச் சீவி ஸ்க்ரூவை இறுக்கினாலே பல வீட்டில் சரியாகிவிடும். சும்மா இருக்கும்போது லைனில் சுமார் 48 வோல்ட்தான், ஆனால் ரிங் வரும் நேரம் அதைவிட நன்றாகவே கூடும், ஈரக் கையோடு தொட வேண்டாம். அதற்கும் அடங்கவில்லையா? ஸ்ரீ லங்கா டெலிகொம் லைன் என்றால் 1212க்குச் சொல்லுங்கள், "போன் வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொல்லாமல், முதல் பெட்டியிலேயே சத்தம் கேட்கிறது என்று சொல்லுங்கள்.

லைன் சுத்தமாக இருந்தும் நம்பர் விழவில்லை என்றால், உங்கள் இணைப்புக்கு அந்த வசதி போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். அடுத்தது, அவசரம். பல இடங்களில் நம்பர் முதல் ரிங்குக்கும் இரண்டாவதுக்கும் நடுவில்தான் வருகிறது, முதல் ரிங்கிலேயே பாய்ந்து எடுத்தால் எப்படி விழும்? செம்பு லைனிலேயே இன்டர்நெட்டும் வருகிறதென்றால் ஒவ்வொரு போனுக்கும், ஆன்சரிங் மெஷினுக்கும் இன்டர்நெட் சிக்னலைத் தடுக்கும் சின்ன ஃபில்டர் ஒன்று கட்டாயம். ரவுட்டருக்கு அதைப் போடக்கூடாது. ஃபைபர் வீடுகளுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை, போனை ரவுட்டரின் போன் துளையில் மாட்டினால் போதும், கரண்ட் போனால் போனும் போகும் என்பதுதான் வேதனை.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் அனுப்பிய செட் தனிக் கதை. நம்பர் அனுப்பும் முறை நாட்டுக்கு நாடு வேறு, அமெரிக்க முறையும் பிரிட்டன் முறையும் ஒன்றல்ல, அதனால் நல்ல செட்டே இங்கே நம்பர் காட்டாமல் போகலாம். கனடாவிலிருந்து வந்த செட்டின் அடப்டரில் 120 வோல்ட் மட்டும் போட்டிருந்தால் நம்முடைய 230 வோல்ட்டில் குத்தவே குத்தாதீர்கள், புகைதான் வரும். எப்போதாவது ஒரு கோலுக்கு மட்டும் நம்பர் வராவிட்டால், கூப்பிட்டவரே மறைத்திருப்பார், விடுங்கள்.

ஆன்சரிங் மெஷின் கோல் எடுக்காவிட்டால் முதலில் பழைய செய்திகளை அழியுங்கள், மெமரி நிறைந்தால் பலது எடுக்காது, அல்லது வெகுநேரம் கழித்து எடுக்கும். எத்தனை ரிங்கில் எடுக்க வேண்டும் என்ற செட்டிங்கையும் பாருங்கள். இரண்டுக்குக் கீழே வைத்தால் நம்பர் பதிவாகாமல் போகும், நான்கு நல்லது. ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் பிறகு நேரமும் உங்கள் குரலும் அழிந்துபோனால், அடியில் இருக்கும் பெட்டரி செத்துவிட்டது என்று அர்த்தம். எதிர்முனை வைத்த பிறகும் டூ டூ என்று பதிவாவது, லைன் துண்டானது மெஷினுக்குப் புரியாததால். பதிவு நேரத்தை ஒரு நிமிஷத்துக்குக் குறையுங்கள். கொழும்பிலிருந்து கோல் எடுத்து செய்தி கேட்க முடியாவிட்டால், நீங்கள் கூப்பிடும் போனில் டோன் முறை (இலக்கத்தை அமுக்கினால் பீப் சத்தம் போவது) இருக்கிறதா, மெஷினின் ரகசிய இலக்கம் சரியா என்று பாருங்கள்.

சித்திரையிலும் ஐப்பசியிலும் மத்தியானத்துக்குப் பிறகு இடி முழங்கும் போலிருந்தால், கரண்ட் பிளக்கை மட்டும் கழற்றி நிம்மதியாக இருக்காதீர்கள். மின்னல் லைன் வயர் வழியாகவும் வரும், இரண்டையும் கழற்றுங்கள், முழக்கம் தொடங்கும் முன்பே.