பச்சைப் பிள்ளையின் வளர்ச்சியை வீட்டிலேயே குறித்து வைப்பது எப்படி? (முதல் ஆறு மாதம்)

எங்கள் காரைக்குடிப் பக்கம் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். பிள்ளை பார்க்க வருகிற ஒவ்வொருவரும் வளவுக்குள் கால் வைத்ததுமே ஒரு தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். "பிள்ளை இளைச்சுப் போச்சே ஆத்தா" என்பார் ஒரு ஆச்சி. அரைமணி கழித்து வருகிறவர் "நல்லா ஊறியிருக்கு" என்பார். பார்த்தது ஒரே பிள்ளையைத்தான்! இந்தப் பேச்சிலிருந்து என்னைக் காப்பாற்றியது ஒரு நாற்பது பக்க நோட்டும் தாய்-சேய் அட்டையும் (பிள்ளையின் எடையையும் தடுப்பூசியையும் குறிக்கும் அட்டை).

படி 1: முதல் பக்கம்

பிறந்த தேதி, எடை, நீளம், தலைச்சுற்றளவு, எத்தனையாவது வாரத்தில் பிறந்தது என்று எழுதுங்கள். கடைசியாகச் சொன்னது முக்கியம். ஒரு மாதம் முன்னதாகப் பிறந்த பிள்ளை மூன்று மாதத்தில் இருக்கும்போது, அதன் விளையாட்டையும் அசைவையும் இரண்டு மாதப் பிள்ளையோடுதான் ஒப்பிட வேண்டும்.

முதல் சில நாட்களில் எடை குறையும், பயப்படாதீர்கள். 3 கிலோவில் பிறந்த பிள்ளை 2.8-க்கு இறங்கலாம். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தாலோ, இரண்டு வாரமாகியும் திரும்பாவிட்டாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

படி 2: எடை போடும் முறை

நான் கோட்டை விட்ட இடம் இதுதான். ஆறாவது வாரத் தடுப்பூசிக்குப் போனபோது, மகளுக்கு வெள்ளித் தண்டை, அரைஞாண், ஜம்பர் எல்லாம் போட்டு அழைத்துப் போனோம். அப்படியே எடை போட்டார்கள்: 4.1 கிலோ. பத்து நாள் கழித்து அங்கன்வாடியில் உடுப்பைக் கழற்றிப் போட்டால், அதே 4.1. பத்து நாளில் ஒரு கிராம் ஏறவில்லையா? அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆயா (அம்மாவைப் பெற்றவர்) "பால் பத்தலை, பொடிப்பால் குடு" என்று ஆரம்பித்துவிட்டார்கள். மறுநாள் ஏதோ தோன்றி, அந்தத் தண்டை, அரைஞாண், ஜம்பர், நனைந்த துணி அத்தனையையும் அடுப்படித் தராசில் வைத்தேன். 250 கிராம் காட்டியது. பிள்ளை சரியாகத்தான் ஏறியிருந்தது.

அதனால் வெற்றுடம்பாக, முடிந்தவரை ஒரே தராசில், பால் கொடுப்பதற்கு முன் போடுங்கள். மாதம் ஒரு தடவை போதும். தினமும் போட்டால் தூக்கம் போகும், வேறு பலன் இல்லை.

படி 3: புள்ளி வைப்பது

அட்டையில் ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் தனித்தனி வரைபடம் இருக்கும். கீழே மாதம், பக்கவாட்டில் கிலோ. இரண்டும் சந்திக்கும் இடத்தில் புள்ளி வைத்து, போன மாதப் புள்ளியோடு கோடு இழுங்கள். "இதெல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளை கணக்கு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட அளவுகோல் இது. இந்தியா உட்பட ஆறு நாட்டுப் பிள்ளைகளை அளந்து போட்டது.

பக்கத்து வீட்டுப் பிள்ளையின் புள்ளி மேலே இருந்தால் இருக்கட்டும். நம் பிள்ளையின் கோடு அதன் பாதையிலேயே ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள். முதல் மூன்று மாதம் நாளுக்குச் சுமார் 20 முதல் 30 கிராம் ஏறும், அப்புறம் வேகம் குறையும். ஐந்து மாதம் வாக்கில் பிறந்த எடை இரட்டிப்பாகும். கோடு படுத்துவிட்டாலோ இறங்கினாலோதான் கவலை.

பால் போதுகிறதா என்று அறிய, நனைந்த துணியை எண்ணுங்கள். முதல் வாரம் கழிந்தபின் நாளுக்குக் குறைந்தது ஆறு துணி நனைய வேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே, தண்ணீரும் வேண்டாம். சேனை வைக்கிறேன் என்று தேனைத் தொட்டு வைக்க வந்தால், சங்கடப்படாமல் மறுத்துவிடுங்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடாது, அதிலிருக்கக்கூடிய கிருமி பச்சைப் பிள்ளைக்கு நஞ்சாகலாம்.

படி 4: குப்புறப் போடுவது

விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நாளுக்கு இரண்டு மூன்று தடவை, சில நிமிடம். எங்கள் ஊர்ப் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் தரை சில்லென்று இருக்கும், வழுக்கவும் செய்யும். ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துப் போடுங்கள். முதலில் முகத்தைத் தரையில் தேய்த்து அழும். எதிரே நீங்களும் குப்புறப் படுத்து முகத்தைக் காட்டினால் தலையைத் தூக்கப் பார்க்கும். என் மகள் நாலாவது மாதத்தில் ஜமுக்காள ஓரம்வரை நகர்ந்து, கல்லில் இருந்த சிவப்புப் பூவைப் பிய்த்தெடுக்க நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

தூங்கும்போது மட்டும் மல்லாக்கத்தான். ஏணையில் (துணித் தொட்டிலில்) ஆட்டித் தூங்க வைத்தாலும், தூங்கியதும் சமமான மெத்தைக்கு மாற்றிவிடுங்கள். ஏணைக்குள் நாடி (மோவாய்) நெஞ்சில் முட்டினால் மூச்சுக்கு இடைஞ்சல்.

படி 5: நோட்டின் பின்பக்கம்

புதிதாக எது செய்தாலும் தேதி போட்டு எழுதுங்கள். முகம் பார்த்துச் சிரிப்பது இரண்டு மாதம் வாக்கில். கழுத்து நிற்பது மூன்று, நாலு மாதத்தில். கையை நீட்டிப் பொருளைப் பிடிப்பதும் புரள்வதும் நாலிலிருந்து ஆறுக்குள். கலர்க் கொட்டான் (ஓலைக் கூடை) ஒன்றை எட்டாத தூரத்தில் காட்டிப் பாருங்கள், கையும் காலும் சேர்ந்து பறக்கும். ஒரு வாரம் முன்பின் ஆவது பெரிதில்லை.

படி 6: எப்போது டாக்டர்?

மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, பெரிய சத்தத்துக்கும் திடுக்கிடவில்லை, ஐந்து மாதமாகியும் கழுத்து நிற்கவில்லை, உடம்பு துணி மாதிரி தொய்ந்தோ கட்டை மாதிரி விறைத்தோ இருக்கிறது, இதில் எது ஒன்று இருந்தாலும் நோட்டையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். 6, 10, 14 வாரத் தடுப்பூசிக்குப் போகும்போதே இதையெல்லாம் கேட்டுவிடலாம். மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, உரைமருந்து உரைத்துக்கொண்டிருக்காமல், நடுராத்திரி ஆனாலும் வண்டியை எடுங்கள்.