நோர்வேயில் முதல் கார்: பாவித்த மின்சாரக் காரா, புதியதா?

வேலை, வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் ஓரளவு ஒழுங்குக்கு வந்ததும் ஒஸ்லோவில் அடுத்த பேச்சு காரைப் பற்றியதாகத்தான் இருக்கும். அம்மெருட் கோயில் வாசலில் விசாரித்தால் ஆளுக்கு ஒரு காரைச் சொல்வார்கள், எல்லாம் மின்சாரக் காராக இருக்கும். 2025இல் நோர்வேயில் பதிவான புதிய கார்களில் 95 சதவீதத்துக்கும் மேல் மின்சாரக் கார்கள். பெட்ரோலா மின்சாரமா என்ற விவாதம் இங்கே எப்போதோ முடிந்துவிட்டது. மிஞ்சியிருப்பது புதியதா, பாவித்ததா என்பதுதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு, மூன்று முதல் ஐந்து வயதான பாவித்த காரை, தனியாரிடம் அல்லாமல் கார் விற்பனை நிலையம் ஒன்றில் வாங்குங்கள். பழைய பேட்டரியைப் பற்றி ஊரிலிருந்து நாம் சுமந்துவரும் பயம் இந்தக் குளிர்நாட்டில் பெரும்பாலும் வீண். கவனமாக இருக்க வேண்டிய இடங்கள் வேறு.

கார் பார்க்கப் போகுமுன் ஒன்று. இந்திய, இலங்கை சாரதி அனுமதிப்பத்திரத்தை வைத்துக்கொண்டு இங்கே மூன்று மாதம்தான் ஓட்டலாம். அதற்குப் பிறகு நோர்வேயின் எழுத்துத் தேர்விலும் ஓட்டுத் தேர்விலும் தேறியாக வேண்டும். காரை வாங்கி வாசலில் நிறுத்திவிட்டுத் தேர்வுத் தேதிக்காகக் காத்திருப்பவர்கள் உண்டு. கார் அசையாவிட்டாலும் காப்புறுதிப் பணம் மாதாமாதம் போகும். ஓட்டுத் தேர்வை ஆட்டோமேட்டிக் காரில் எழுதினால் பத்திரத்தில் 78 என்ற குறியீடு போடுவார்கள். கியர் மாற்றும் கார் ஓட்ட முடியாது, அவ்வளவுதான். மின்சாரக் காரில் கியர் மாற்றும் வேலையே இல்லை என்பதால் பலருக்கு அது போதும்.

பேட்டரிக்கு வருவோம். 2015ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜப்பானில் பாவித்த நிசான் லீஃப் கார்கள் இலங்கைக்கு வந்து குவிந்தது பலருக்கு நினைவிருக்கும். இரண்டு மூன்று ஆண்டில் ஓடும் தூரம் பாதியாகக் குறைந்த கதைகளும் அதோடு சேர்ந்தே வந்தன. அந்தக் கதைகள் பொய் அல்ல. அந்த லீஃப்களின் பேட்டரியைக் குளிர்விக்கத் திரவக் குழாய்கள் கிடையாது. கொழும்பு வெயிலில் நின்று, வெயிலிலேயே சார்ஜ் ஏறி, வெயிலிலேயே ஓடினால் பேட்டரி சீக்கிரம் தளர்ந்துவிடும். லித்தியம் பேட்டரிக்கு நிரந்தரக் கேடு செய்வது சூடு. குளிர் செய்வது தற்காலிகத் தொந்தரவு. ஜனவரியில் பூச்சியத்துக்குக் கீழே 10 பாகையில் ஓடும் தூரம் நூற்றுக்கு 20, 30 என்று குறையும், மே மாதம் அது திரும்பி வந்துவிடும். அதே லீஃப் நோர்வேயில் பல ஆண்டுகள் கழித்தும் மரியாதையாக ஓடுவதற்குக் காரணம் இதுதான்.

பழைய லீஃபைப் பார்க்கப் போனால் செய்ய வேண்டிய எளிய சோதனை ஒன்று உண்டு. காரை இயக்கி, ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள திரையின் வலது ஓரத்தைப் பாருங்கள். சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் தடித்த கோடுகளுக்குப் பக்கத்தில் மெல்லிய சின்னக் கோடுகள் ஒரு வரிசையாக நிற்கும். முழுமையாக இருந்தால் 12. அவை அன்றைய சார்ஜைக் காட்டுவதில்லை, பேட்டரியின் ஆயுளைக் காட்டுகின்றன. ஒரு கோடு மறைந்திருந்தால் கொள்ளளவில் ஏறக்குறைய நூற்றுக்கு 15 போய்விட்டது என்று பொருள். விற்பவர் "அது ஒன்றும் இல்லை, குளிருக்கு அப்படித்தான்" என்பார். குளிருக்கு அந்தக் கோடு மறையாது.

வேறு கார்களில் இவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது. பேட்டரிப் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். ஒழுங்கான விற்பனை நிலையங்கள் தாமே எடுத்து வைத்திருக்கும். இல்லை என்றால் நோர்வே வாகன ஓட்டிகள் சங்கமான நாஃப் நிலையத்தில் பணம் கட்டிச் சோதிக்கலாம், சங்கத்தில் உறுப்பினராக இல்லாதவர்களும் போகலாம். சோதிக்க விடமாட்டேன் என்கிறவரிடம் பேரம் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். பெரும்பாலான நிறுவனங்கள் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன, கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் அவர்கள் பொறுப்பு. இந்த உத்தரவாதம் காரோடு சேர்ந்தது, முதல் உரிமையாளரோடு போய்விடாது. 2022ஆம் ஆண்டுக் காரை இன்று வாங்கினால் 2030 வரை அது உங்களுக்கு நிற்கும், கிலோமீட்டர் எல்லையைத் தாண்டாத வரை.

பழைய லீஃப் மலிவு என்பதற்காக மட்டும் எடுத்துவிட வேண்டாம். அதன் வேகச் சார்ஜ் பிளக் சாடெமோ என்ற ஜப்பானிய வகை. ஐரோப்பா சிசிஎஸ் வகைக்குப் போய்விட்டது, புதிதாக அமைக்கும் நிலையங்களில் சாடெமோ அரிதாகி வருகிறது. நகரத்துக்குள் வேலைக்குப் போய்வர லீஃப் நல்ல கார். பெர்கனுக்கு மலை தாண்டிப் போக நினைப்பவருக்கு அது பொருந்தாது. டெஸ்லா மாடல் 3 பார்க்கிறவர்கள் 2021ஆம் ஆண்டு மாடலுக்கு முந்தியதா பிந்தியதா என்று கேளுங்கள். முந்தியவற்றில் குறைந்த மின்சாரத்தில் சூடேற்றும் ஹீட் பம்ப் இல்லை, குளிர்காலத்தில் காருக்குள் சூடேற்றவே பேட்டரியில் ஒரு பங்கு போகும்.

விளம்பரம் பார்க்க எல்லோரும் போவது ஃபின் தளத்துக்கு. பேச்சில் நோர்வேக்காரர் தூரத்தை மீல் கணக்கில் சொல்வார்கள். ஒரு மீல் 10 கிலோமீட்டர். எட்டாயிரம் மீல் என்றால் 80,000 கிலோமீட்டர், 8,000 அல்ல.

இனி, பேட்டரியைவிட அதிகம் கவனிக்க வேண்டியவை. மின்சாரக் கார் வேகத்தைக் குறைக்க மோட்டாரையே பயன்படுத்துவதால் பிரேக் டிஸ்க்குகளுக்கு வேலை குறைவு. வேலையில்லாத இரும்பில், குளிர்காலத்தில் தெருவில் கொட்டும் உப்பும் சேர்ந்தால் துருப்பிடிக்காமல் என்ன செய்யும்? சக்கரத்தின் இடைவெளி வழியாகக் கைபேசி வெளிச்சத்தை அடித்துப் பாருங்கள். டிஸ்க் வழவழப்பாகப் பளபளத்தால் நல்லது. ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பழுப்புப் பொருக்குப் படர்ந்திருந்தால் பிரேக் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். நான்கு ஆண்டு நிறைந்த கார், ஈயூ-கண்ட்ரோல் எனப்படும் கட்டாயப் பரிசோதனைக்கு முதல் தடவை போக வேண்டும், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை. அங்கே மின்சாரக் கார்கள் மாட்டிக்கொள்ளும் இடங்களில் பிரேக்கும் ஒன்று. அடுத்த கெடு எப்போது என்பதை வீதிப் போக்குவரத்து ஆணையமான வேகவேசெனின் தளத்தில் கார் இலக்கத்தை இட்டுப் பார்க்கலாம்.

டயர் இரண்டு தொகுதி தருகிறார்களா என்று கேளுங்கள், கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்தது. குளிர்காலத்தில் டயர்ப் பள்ளம் குறைந்தது 3 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது சட்டம். மின்சாரக் கார் பாரமானது, டயரைச் சீக்கிரம் தின்றுவிடும். ஆணி பதித்த டயர் தருவதாகச் சொன்னால், ஒஸ்லோவில் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஏன் விற்பனை நிலையம் என்று வற்புறுத்துகிறேன்? நுகர்வோர் சட்டப்படி நிறுவனத்திடம் வாங்கிய காரில், வாங்கும்போதே இருந்த குறை பின்னால் தெரியவந்தால் ஐந்து ஆண்டு வரை முறையிடலாம். தனியாரிடம் வாங்கினால் இரண்டு ஆண்டு, அதிலும் ஒரு தனி ஆளோடு மல்லுக்கட்ட வேண்டும். பழைய காரில் தேய்மானத்தைக் குறை என்று சொல்ல முடியாது, உண்மைதான். ஆனாலும் மொழி இன்னும் பிடிபடாத ஒருவருக்கு, முறையிடப் போக ஒரு முகவரி இருப்பது பெரிய விஷயம். விலை கொஞ்சம் கூடும். கொடுங்கள்.

தனியாரிடம்தான் வாங்குவது என்று முடிவெடுத்தால், கடன் இருக்கிறதா என்று பாராமல் ஒரு குரோனர்கூடக் கொடுக்காதீர்கள். வங்கிக் கடனில் எடுத்த காரின் மேல் அந்தக் கடன் புரன்னய்சுண்ட் பதிவகத்தில் பதிவாகியிருக்கும். விற்றவர் கடனை அடைக்காமல் போனால் வங்கி காரைத் தேடி உங்கள் வாசலுக்கு வரும், நீங்கள் முழுப் பணமும் கொடுத்தவர் என்பது அங்கே எடுபடாது. பதிவகத்தின் தளத்தில் கார் இலக்கத்தை இட்டு இலவசமாகவே பார்க்கலாம். "எங்கள் ஆள்தானே, தம்பி, நம்பி எடு" என்று சொல்லும் அண்ணனிடமும் "சரி அண்ணா, ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டுப் பாருங்கள். நல்ல அண்ணன் கோபிக்க மாட்டார்.

புதிய கார் யாருக்கு? முன்பு இங்கே புதிய மின்சாரக் காருக்குப் பெறுமதி சேர் வரியே இல்லை. 2023இல் 5 லட்சம் குரோனருக்கு மேற்பட்ட பகுதிக்கு 25 சதவீத வரி வந்தது, எடைக்கும் ஒரு வரி வந்தது. 2026 ஜனவரியிலிருந்து வரிவிலக்கு எல்லை 3 லட்சம். வரிக்கு முன் 4,20,000 குரோனர் விலையுள்ள காருக்கு 1,20,000க்கு வரி, அதாவது 30,000 குரோனர் கூடுதல். காரை வெளியே எடுத்த கையோடு மதிப்பு இறங்கத் தொடங்கும். 2023 ஜனவரியில் டெஸ்லா புதிய கார்களின் விலையைத் திடீரென்று குறைத்தபோது, சில வாரங்களுக்கு முன் முழு விலை கொடுத்தவர்களின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த இறக்கத்தை முதல் உரிமையாளர் தாங்கிக்கொள்ளட்டும் என்பதுதான் பாவித்த காரின் பொருளாதாரம். நிரந்தர வதிவிடம் கிடைத்து, சொந்த வீடும் வாசலில் சார்ஜரும் இருந்து, அதே காரை எட்டுப் பத்து ஆண்டு வைத்திருக்கப் போகிறவருக்குப் புதிய கார் நல்ல முடிவுதான். ஒப்பந்த வேலையில் வந்தவருக்கு அல்ல.

ஒப்பந்த வேலையில் வந்த அவர்களைத்தான், காரை மாத வாடகைக்குத் தரும் லீசிங் விளம்பரங்கள் இழுக்கின்றன. மாதத் தொகை சிறியதாகத் தெரியும். தொடக்கத்தில் கட்டும் பெருந்தொகை, ஆண்டுக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற எல்லை, திருப்பிக் கொடுக்கும்போது ஒவ்வொரு கீறலுக்கும் வரும் பில் எல்லாம் சின்ன எழுத்தில் இருக்கும். மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டு இரண்டாம் ஆண்டில் வேலை மாறி நாடு திரும்ப நேர்ந்தால், விலகுவதற்கு நல்ல தொகை கட்ட வேண்டியிருக்கும். விசாக் காலத்தைவிட லீசிங் காலம் நீளமாக இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். வங்கிக் கடனும் புதிதாக வந்தவருக்கு எளிதல்ல. இங்கே வரி கட்டிய கணக்கு ஓராண்டாவது இருந்தால்தான் வங்கி நிமிர்ந்து பார்க்கும், கையிலிருந்து ஒரு பங்கும் போடச் சொல்லும்.

எந்தக் காரானாலும், இரவில் அதை எங்கே சார்ஜ் செய்வீர்கள் என்பதற்கு விடை இல்லாமல் வாங்க வேண்டாம். வீட்டு மின்சாரத்துக்கும் தெருவோர வேகச் சார்ஜுக்கும் விலை பல மடங்கு வித்தியாசம். 2025 அக்டோபரிலிருந்து நோர்கெஸ்பிரிஸ் என்ற நிலையான கட்டணத்தை வீடுகள் தெரிவு செய்யலாம், ஒரு யூனிட் வரியோடு 50 ஓரே, மின்கம்பிக் கட்டணம் தனி. நூறு கிலோமீட்டருக்கு 20 யூனிட் என்றால் மின்சாரத்துக்கு 10 குரோனர். ஒஸ்லோவிலும் தென்பகுதியிலும் இது பெரும்பாலும் கட்டுப்படியாகும். வடக்கே த்ரொம்சோ பக்கம் சந்தை விலையே மலிவு, அங்கே கணக்குப் போட்டுப் பார்த்து முடிவெடுங்கள். மின்கம்பிக் கட்டணத்தின் ஒரு பகுதி மாதத்தில் நீங்கள் அதிகம் இழுத்த மணிநேரங்களை வைத்து முடிவாகிறது. குளியலறை ஹீட்டர், அடுப்பு, கார் மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் பில்லில் தெரியும். காரை நள்ளிரவுக்குப் பிறகு மெதுவாக ஏற விடுங்கள்.

பொரெட்ஸ்லாக் எனப்படும் கூட்டுறவு வீட்டுத்தொகுதியில் வீடு வாங்கியவருக்குத் தம் வாகனத் தரிப்பிடத்தில் சார்ஜர் கேட்கும் உரிமை சட்டப்படி உண்டு. நிர்வாகம் தக்க காரணமில்லாமல் மறுக்க முடியாது. வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரர் வழியாகத்தான் கேட்க முடியும், அதனால் கார் வாங்குமுன் அவரிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். சாதாரணச் சுவர் பிளக்கில் இரவு இரவாகச் சார்ஜ் செய்வது தீ ஆபத்து. பதிவு பெற்ற மின் தொழிலாளர் பொருத்திய சார்ஜர்தான் சரி.

விலை பேசி முடிந்த நாளில், முதலில் காப்புறுதி, பிறகு வேகவேசென் தளத்தில் இருவரும் பாங்க்ஐடி என்ற மின்னணு அடையாளம் கொண்டு சால்க்ஸ்மெல்டிங் எனப்படும் உரிமை மாற்றத்தை முடிப்பது, கட்டணத்தைக் கட்டுவது. அதை முடிக்காமல் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். முன்கண்ணாடியில் பழைய உரிமையாளரின் வீதிச் சுங்கக் கருவி ஒட்டியிருந்தால் கழற்றி அவர் கையில் கொடுத்துவிடுங்கள். உங்கள் பெயரில் ஆட்டோபாஸ் எனப்படும் வீதிச் சுங்க உடன்படிக்கை ஒன்றை அன்றிரவே பதிந்துவிடுங்கள். அது இல்லாமல் ஒஸ்லோ சுங்க வளையத்தைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் கழிவில்லாத பில் வீட்டுக்கு வரும்.