படகுப் பட்டறைக்கு மனு எழுதுவது எப்படி

தூத்துக்குடி ஆட்சியர் அலுவலகத்துக்கு வெளியே மனு எழுதிப் பிழைப்பவன் நான். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் என்பதால் காலை எட்டு மணிக்கே மரத்தடியில் பலகையைப் போட்டுவிடுவேன். முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், பாதைத் தகராறு என்று எழுதிய மனுக்களுக்குக் கணக்கில்லை. அவற்றிலேயே மோசமான மனு என் அப்பாவுக்காக எழுதியதுதான்.

அப்பா ஓடாவி. மரத்தில் வள்ளம் கட்டுபவர். ஒரு காலத்தில் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போன தோணிகளிலும் வேலை செய்தவர். பட்டறை நொடித்துக்கொண்டே போகிறது என்று நான்கு பக்கம் எழுதினேன். நெய்தல் நிலத்தில் தொடங்கி, 1906இல் வ.உ.சி. கண்ட சுதேசிக் கப்பல் கம்பெனி வழியாக வந்து, ‘ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன்’ என்று முடித்திருந்தேன். வருவாய்த் துறை அதை மீன்வளத் துறைக்கு அனுப்பியது, அவர்கள் தொழில் மையத்துக்கு அனுப்பினார்கள், கடைசியில் ‘தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது’ என்று ஓர் அட்டை வந்தது. அப்பா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஆவன என்று கேட்டாயே, அது எத்தனை அடி?”

அன்றிலிருந்து அடிக்கணக்கில்தான் கேட்கிறேன். ‘தொழிலைக் காப்பாற்று’ என்றால் எந்த அலுவலகத்துக்கும் அது தன் வேலை இல்லை. ஒவ்வோர் அலுவலகத்தின் கையிலும் ஏதோ ஒன்றுதான் இருக்கிறது. அது எது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் ஒரு பக்கத்தில் கேளுங்கள்.

முதலில் நிலம். பெரும்பாலான பட்டறைகள் கடற்கரைப் புறம்போக்கில் நிற்கின்றன. கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டை, அதாவது ஊரின் நிலங்களையெல்லாம் பட்டியலிட்ட ஏட்டைப் பார்த்துச் சர்வே எண்ணையும் வகைப்பாட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நிலத்தின் அளவுகளைக் காட்டும் புலப்படத்தின் நகலும் வேண்டும். அந்த இடத்தை வேறு யாருக்காவது ஒதுக்கும் யோசனை இருக்கிறதா என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை போதும், 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். ‘ஏன் எங்களைப் புறக்கணிக்கிறீர்கள்’ என்று கேட்காதீர்கள். ‘இந்தச் சர்வே எண் தொடர்பான கோப்புகளின் நகல் தருக’ என்று கேளுங்கள். கோபத்துக்கு நகல் எடுக்க முடியாது.

கடற்கரைப் புறம்போக்குக்குப் பட்டா கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். அந்த இடம் பாரம்பரியப் படகு கட்டும் தளமாகப் பதிவேட்டில் குறிக்கப்பட வேண்டும் என்று கேளுங்கள். ‘அது கடலோர ஒழுங்குமுறை மண்டலம், ஒன்றும் செய்ய முடியாது’ என்று பதில் வரும். அதற்கு மறுமொழி அந்த மண்டலத்துக்காக மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கைக்குள்ளேயே இருக்கிறது. மீன் உலர்த்தும் களம், ஏலக்கூடம், வலை பின்னும் இடம் ஆகியவற்றோடு பாரம்பரியப் படகு கட்டும் தளத்தையும் மீனவச் சமூகத்துக்குத் தேவையான வசதியாக 2011 அறிவிக்கை சொன்னது. 2019இல் வந்த அறிவிக்கையிலும் அது இருக்கிறது. அந்த வரியைப் படி எடுத்து மனுவோடு இணையுங்கள். நான் பார்த்தவரையில் எதிரே இருப்பவர் கண்ணாடியைத் தேடுவது அப்போதுதான்.

நிலத்தோடு பாதையையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இதில் நாங்கள் அடிபட்டோம். அலை அரிப்பைத் தடுக்க ஒருமுறை கரையில் கல் கொட்டினார்கள். வேண்டிய வேலைதான். ஆனால் பட்டறைக்கு நேர் எதிரே கொட்டிவிட்டார்கள். உள்ளே ஏரா என்னும் அடிமரம் வைத்து, வங்கு என்னும் விலாச் சட்டங்களை நிறுத்தி, பலகை அடித்து, இடுக்குகளை அடைக்கும் கலப்பற்றும் முடிந்த வள்ளம் ஒன்று கடலைப் பார்த்தபடி நான்கு மாதம் கிடந்தது. இருபது அடி அகலத்தில் படகு இறக்கும் பாதை என்று புலப்படத்தில் சிவப்பு மையால் கோடு போட்டுக் காட்டுங்கள்.

அடுத்தது கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாட்கள் கூடுகிறது. நகரமாக இருந்தால் பகுதி சபையைப் பிடியுங்கள். தலைவர் பதவி காலியாக இருந்தால் தனி அலுவலரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துப் பொருளில் சேர்க்கச் சொல்லுங்கள். தீர்மானத்தை அவர்களையே எழுத விட்டால் ‘விவாதிக்கப்பட்டது’ என்று முடித்துவிடுவார்கள். நீங்களே இப்படி எழுதிக்கொண்டு போங்கள்: ‘சர்வே எண் இன்னதில் உள்ள படகு கட்டும் தளத்தையும், அதிலிருந்து கடல்வரை இருபது அடிப் பாதையையும் வேறு பயன்பாட்டுக்கு ஒதுக்கக் கூடாது என்று இச்சபை தீர்மானிக்கிறது.’ இது வருவாய்த் துறையைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் ஊரே கையெழுத்திட்ட தாள் கோப்பில் இருந்தால், அதைத் தாண்டிப் போகிறவர் காரணம் எழுதியாக வேண்டும்.

சபையில் எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்று நினைக்கிறீர்கள்? எங்கள் ஊரில் மீனவர்களிடமிருந்துதான் வந்தது. “அண்ணாச்சி, எல்லாரும் பைபருக்குப் போய்விட்டோம், மரப் பட்டறை யாருக்கு?” என்று ஒருவர் எழுந்து கேட்டார். நியாயமான கேள்வி. பைபர் படகு எடை குறைவு, பராமரிப்பும் குறைவு. அதை இழித்துப் பேசினால் வாக்கு போய்விடும். அப்பா எழுந்து, “உன் படகு அணியத்தில் விரிசல் விட்டபோது எங்கே கொண்டுவந்தாய்?” என்று மட்டும் கேட்டார். அணியம் என்றால் படகின் முன்பக்கம். எங்கள் பட்டறைதான். தீர்மானம் நிறைவேறியது.

மரத்தைப் பற்றி ஊராட்சியிடம் தனியாகக் கேட்க வேண்டும். வங்குக்கு இயற்கையாகவே வளைந்த மரம் தேவை. நேர்மரத்தை வளைத்து அறுத்தால் நார் அறுந்துவிடும். ஆனால் ஏலத்தில் வளைந்த கிளைகள் விறகோடு விறகாக எடைக்குப் போகின்றன. புயலில் விழுந்த வேம்பும் வாகையும் ஏலத்துக்கு வரும்போது வளைமரங்களைத் தனியாகக் குவித்து ஏலம் விடுமாறு கேளுங்கள். ஊராட்சிக்கு வருமானம் கூடுமே தவிரக் குறையாது.

கடனுக்கு மாவட்டத் தொழில் மையம். 2025இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் மரவேலையும் வருகிறது. மூன்று லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீத மானியம், அதிகபட்சம் 50,000. ஆனால் 35 வயது நிறைந்திருக்க வேண்டும். அப்பாவின் கையாளாக இருக்கும் பையனுக்கு வயது இருபத்திரண்டு! பட்டறை பிழைக்க வேண்டியதே அவனை நம்பித்தான். அதையும் ஒரு மனுவாக எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் கேட்காதீர்கள்: நினைவுச் சின்னம். ரவுண்டானாவில் ஒரு சிமெண்ட் தோணி கேட்டால் கொடுத்துவிடுவார்கள். அதன்பிறகு உங்கள் கோப்பு ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று மூடப்படும்.

மனு கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டை வாங்காமல் நகராதீர்கள். ஒரு மாதம் கழித்து அந்த எண்ணைக் குறிப்பிட்டு இரண்டு வரியில் நினைவூட்டல் எழுதுங்கள். எழுத வராவிட்டால் திங்கட்கிழமை மரத்தடிக்கு வாருங்கள். கையில் சர்வே எண் இல்லாமல் வந்தால் மட்டும் திருப்பி அனுப்பிவிடுவேன்.